உதடு ஒட்டும் இடம்

அந்தப் படம் எந்த நாட்டுது என்று
எங்கள் மூவருக்குமே தெரியாது.
பனி. குதிரைகள். தாடி வைத்த ஒரு ராஜா.
சப்-டைட்டில் இல்லாத காப்பி.
அதுதான் வசதி என்றான் ஜக்கரியா,
அர்த்தம் தெரிஞ்சா கை நடுங்கும்.

திருப்பாப்புலியூரில்
அவன் ரீசார்ஜ் கடைக்கு மேலே ஓர் அறை.
ஜன்னலுக்கு ஜமுக்காளம்,
கதவுக்கு யாரோ வேண்டாமென்று போட்ட மெத்தை.
ஃபேனை நிறுத்தினால்தான் பதிவு.
பனிநாட்டைப் பார்த்தபடி
வேர்த்துக் கொட்டுவோம்.

சிப்காட்டில் இரண்டாம் ஷிப்ட் முடித்து
சட்டையெல்லாம் மருந்து நெடியாக வருவான் இளம்பரிதி.
சம்பளக் கவரின் முதுகில் வசனம் இருக்கும்.
ராஜாவைத் தாசில்தார் ஆக்கியது அவன்தான்.
பனியைப் பெண்ணையாற்று வெள்ளம் ஆக்கியதும்.

முதலில் உதட்டை எண்ண வேண்டும்.
வாய் திறந்தால் எதையும் போடலாம்,
உதடு ஒட்டும் இடத்தில் மட்டும்
ப வேண்டும், இல்லாவிட்டால் ம.
படைக்கு முன்னால் ராஜா வாளை உருவிக்கொண்டு
மூன்று முறை உதட்டை ஒட்டுகிறார்.
"டோக்கன் இல்லாம எவனும் குதிரை ஏறப்படாது."
எண்ணிப் பாருங்கள்.
சரியாக மூன்று.

பெண் குரல் எல்லாம் நான்.
ராணி, ராணியின் தோழி, சத்திரக்காரி,
பால் கேட்டு அழும் குழந்தை,
ஒருமுறை ஆள் இல்லாமல் குதிரையும்.
பகலில் பஸ் ஸ்டாண்டில் அறிவிப்பு.
வடலூர் வழியாக விருத்தாசலம் செல்லும் பேருந்து
இன்னும் சற்று நேரத்தில்.
சற்று நேரம் என்றால் எவ்வளவு என்று
எனக்கும் தெரியாது.
அந்தக் கூண்டுக்குள் என்னை எட்டிப் பார்த்தவர்
இதுவரை ஒரே ஒரு சுண்டல்காரர்.

கடைசிக்கு முந்திய காட்சி.
ராணி ஜன்னலைப் பார்த்து நிற்கிறாள்,
முதுகு மட்டும்தான் நமக்கு.
நாற்பது விநாடி.
உதடு இல்லை, எண்ண ஒன்றுமில்லை.
இளம்பரிதியின் கவரிலும் இடம் தீர்ந்துவிட்டது.
"உன் இஷ்டத்துக்கு எதையாவது சொல்லு" என்று
ஜக்கரியா பட்டனை அழுத்திவிட்டான்.

எனக்கு ஒன்றும் வரவில்லை.
பத்து விநாடி போயிற்று.
பிறகு வந்தது இது:
"அடுப்பை மேல தூக்கி வெச்சியா?"

அந்த வருஷத்து மழையில்
பஸ் ஸ்டாண்டிலேயே மாட்டிக்கொண்டேன் இரண்டு ராத்திரி.
குண்டு உப்பலவாடி வீட்டில் தங்கச்சி தனியாக.
போனில் கேட்டது அது ஒன்றுதான், அதற்குள் சார்ஜ் போயிற்று.
மூன்றாம் நாள் படகில் வந்து இறங்கினாள்,
கையில் மார்க் ஷீட்டும் பூனையும்.
செருப்பு ஒற்றை, அதைச் சொல்லிச் சிரித்தோம்.
அடுப்பைப் பற்றி அவளும் சொல்லவில்லை,
நானும் திரும்பக் கேட்கவில்லை.
கேஸ்காரன் புதுசு தந்தான், தவணையில்.

ஜக்கரியா ஹெட்போனைக் கழற்றாமலே இருந்தான்.
மற்ற இடத்திலெல்லாம் போடும் சிரிப்புச் சத்தத்தை
அந்த இடத்தில் போடவில்லை.

போடாமலே சிரித்தார்கள்.
மஞ்சக்குப்பம் சலூனில், முதுநகர் ஐஸ் கம்பெனியில்
செல்போனைச் சுற்றி நின்று
தாசில்தாருக்குச் சிரித்ததைவிட அதிகமாக.
கொஞ்சம் கோபம் வந்தது எனக்கு.
பிறகு நானும் பார்த்தேன்:
மாளிகை, வெல்வெட் திரை, தூரத்தில் எரியும் கோட்டை,
அதைப் பார்த்து ஒருத்தி அடுப்பை விசாரிக்கிறாள்.
சிரிப்பு வரத்தான் செய்தது.

நேற்றுக் காலை கூண்டில் இருந்தேன்.
நெல்லிக்குப்பம், பண்ருட்டி சொல்லி முடித்து மூச்சு வாங்கும்போது
மூன்றாம் பிளாட்பாரத்தில் யூனிஃபார்ம் போட்ட ஒரு பையன்
ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்து
ராணியின் இழுப்போடு கேட்டான்:
"அடுப்பை மேல தூக்கி வெச்சியாஆ?"

மைக்கை அணைக்க மறந்திருந்தேன்.
"வெச்சாச்சு."

பஸ் ஸ்டாண்ட் முழுக்கக் கேட்டது.
பழக்கடை, டைம் கீப்பர், தூங்கிக்கொண்டிருந்த கண்டக்டர்
எல்லாரும் ஒரு கணம் மேலே பார்த்தார்கள்.
பிறகு பண்ருட்டி வண்டி ரிவர்ஸ் எடுத்தது.